பாணன் போன ஈ.சி.ஆர்.

திருவான்மியூர் தாண்டி மாமல்லபுரம் போகிற சாலையில் வேகத்தைக் கொஞ்சம் குறைத்தால் போர்டுகளைப் படிக்கலாம். மண்பானைச் சமையல், பாட்டி கைமணம், கிராமத்து விருந்து, சிறுதானியச் சிற்றுண்டி. உள்ளே போனால் ஏ.சி. உண்டு. வாழை இலை மாதிரியே செய்த பீங்கான் தட்டு உண்டு. மெனு கார்டின் முதல் பக்கத்தில், அச்சகத்துக்காரரே வைத்துக் கொடுத்தது போல, ஒரு வாக்கியம் இருக்கும்: நம் முன்னோர்கள் சாப்பிட்ட பாரம்பரிய உணவு.

சாப்பாட்டில் எனக்குத் தகராறு இல்லை. பல இடங்களில் நன்றாகவே போடுகிறார்கள். வாக்கியத்தில்தான் தகராறு. 'நம் முன்னோர்கள்' என்றால் யார்? உங்கள் முன்னோரா, பரிமாறுகிறவரின் முன்னோரா, பின்கட்டில் தட்டு கழுவுகிறவரின் முன்னோரா? மூன்று பேரும் ஒரே பந்தியில் உட்கார்ந்து ஒரே பானையிலிருந்து சாப்பிட்ட மாதிரி அல்லவா எழுதியிருக்கிறது! ஹோட்டல்காரரை விடுங்கள், அவருக்கு வியாபாரம். புத்தகக் கடையில் பாரம்பரியச் சமையல் என்று ஒரு அலமாரி முழுக்க இருக்கிறதே, பத்திரிகை இணைப்பிதழ்கள், யூடியூப் சேனல்கள், எல்லாவற்றிலும் இதே பொதுப் பாட்டிதான். அவருக்கு ஊர் இல்லை, சாதி இல்லை, கடன் இல்லை. பசி சுத்தமாக இல்லை.

இதே வட்டாரத்துக்கு இதைவிடப் பழைய மெனு கார்டு ஒன்று இருக்கிறது. பெரும்பாணாற்றுப்படை. பத்துப்பாட்டில் ஒன்று. எழுதியவர் கடியலூர் உருத்திரங்கண்ணனார். 1889-இல் உ.வே.சாமிநாதையர் நச்சினார்க்கினியர் உரையோடு பத்துப்பாட்டைப் பதிப்பித்ததால் நமக்குக் கிடைத்தது. 500 அடி. பரிசு வாங்கி வந்த பாணன் ஒருவன், இன்னும் வாங்காத பாணனைப் பார்த்து, 'காஞ்சியில் தொண்டைமான் இளந்திரையன் இருக்கிறான், போ' என்று வழி சொல்கிறான். வழி என்றால் இடதுபக்கம் திரும்பு, வலதுபக்கம் திரும்பு இல்லை. எந்த ஜனங்களிடம் போனால் என்ன சாப்பாடு கிடைக்கும் என்பதுதான் வழி. தொண்டை நாடு என்றால் இன்றைய செங்கல்பட்டும் காஞ்சியும் அதற்குள்தானே வருகின்றன. பத்தாம் வகுப்பில் இதை மனப்பாடப் பகுதியாகப் பார்த்து வெறுத்தவர்கள், தயவுசெய்து சாப்பாட்டு விமர்சனமாக ஒருமுறை படித்துப் பாருங்கள்.

முதலில் எயினர் குடிசை. பெண்கள் இரும்புப் பூண் போட்ட கோலால் கரம்பு நிலத்தைக் கிண்டி, புழுதி படிந்த உடம்போடு புல்லரிசி சேர்த்து வருகிறார்கள். முற்றத்தில் தரையிலேயே உரல் குழி. குட்டை உலக்கை. ஆழக் கிணற்றில் ஊறும் உவர் நீர். வாய் உடைந்த பழைய பானை, அதற்கேற்ற உடைந்த அடுப்பு. தொட்டுக்கொள்ள உப்புக்கண்டம். ஒரு வீட்டின் சொத்துக் கணக்கை இதைவிடச் சிக்கனமாக எழுத முடியுமா? கொஞ்சம் வசதியான எயினர் அரண் பக்கம் போனால் மேட்டு நிலத்தில் விளைந்த சிவப்பரிசிச் சோறும், நாய் பிடித்துத் தந்த உடும்பும். (இன்று உடும்பு கேட்டால் வனத்துறை வரும்.)

அடுத்து இடையர். பால் விட்ட தினைச் சோறு. தினைச் சோறு எப்படி இருக்கும் என்பதற்கு உருத்திரங்கண்ணனார் சொல்லும் உவமை, நண்டுக் குஞ்சுகள். ஒன்றோடொன்று ஒட்டி, சின்னச் சின்னதாக. கோவளம் கடற்கரையில் நண்டுக் குஞ்சு பார்த்தவர்களுக்கு உடனே புரியும். அந்த வீட்டுப் பெண் மோரைத் தலையில் சுமந்துபோய் விற்று, அதற்குத் தானியம் வாங்கி வந்து சுற்றத்துக்குச் சோறு போடுகிறாள். நெய்க்குப் பொன் கொடுத்தால் வாங்க மாட்டாள். எருமையாக, பசுவாகக் கொடு என்பாள். பிறகு முல்லை நிலத்துச் சீறூர்: பூளைப் பூ மாதிரி வரகுச் சோறு, மேலே அவரைப் பருப்பு. உழவர் வீட்டில் வெள்ளை நெல் சோறும் வீட்டுக் கோழியும். குளத்தில் வலை வீசுகிறவர்கள் வீட்டில், தீட்டாத அரிசியைக் களியாகத் துழாவி ஆற வைத்து, நெல்முளையை இடித்துக் கலந்து, சாடியில் இரண்டு பகல் இரண்டு இரவு விட்டு வடித்த கள், கூடவே சுட்ட மீன். செய்முறையே தருகிறார், கவனியுங்கள். அந்தணர் வீட்டில் உயர்ந்த ரக அரிசிச் சோறு, மாதுளங்காயை வெண்ணெயில் மிளகுப் பொடியும் கறிவேப்பிலையும் போட்டு வதக்கிய பொரியல், மாவடு ஊறுகாய். கடைசியில் சொன்ன அந்த ஒரு ஐட்டம் மட்டும் பாட்டிலுக்குள் புகுந்து இன்று சூப்பர் மார்க்கெட்டில் நிற்கிறது.

இதில் மிளகாய் எங்கே என்று தேடாதீர்கள். இல்லை. தக்காளி இல்லை, வேர்க்கடலை இல்லை. அதெல்லாம் அமெரிக்காக் கண்டத்திலிருந்து ஐரோப்பியர்கள் கப்பலில் கொண்டுவந்தது. கொலம்பஸுக்கு முந்தைய பாட்டி யாரும் கூழுக்குப் பச்சை மிளகாய் கடித்திருக்க முடியாது.

நான் சொல்ல வருவது இதுதான். உருத்திரங்கண்ணனார் எல்லாரையும் ஒரே பந்தியில் உட்கார வைக்கவில்லை. யார் வீட்டில் என்ன, எந்த நிலத்தில் விளைந்தது, யார் இடித்தார்கள், பானை எப்படி இருந்தது என்று வீடு வீடாகச் சொல்கிறார். எயினர் வீட்டுக்கும் அந்தணர் வீட்டுக்கும் நடுவில் உள்ள தூரம், வாய் உடைந்த பானைக்கும் வெண்ணெய்க்கும் உள்ள தூரம், பாட்டில் அப்படியே இருக்கிறது. அவர் அதைக் கண்டிக்கவில்லை என்பது வேறு விஷயம். மறைக்கவில்லை. இந்த ஒரு குணத்தால், இன்றைய பாரம்பரியச் சமையல் புத்தக அலமாரி மொத்தத்தையும்விட இந்த 500 அடி எனக்கு நம்பகமாகப் படுகிறது.

குறை உண்டா என்றால், பெரிய குறை உண்டு. பாணன் போகிற வழியில் ஒரு கதவுகூடச் சாத்தியிருக்கவில்லை. எல்லா வீட்டிலும் சோறு மிச்சம் இருக்கிறது, எல்லாரும் கூப்பிட்டுப் போடுகிறார்கள். அரசனைப் புகழும் பாட்டில் அரசன் நாட்டில் பசி என்று எப்படி எழுதுவது? அந்தக் காலத்து சுற்றுலாத் துறை விளம்பரம் என்று இதைச் சொன்னால் தமிழாசிரியர்கள் கோபிப்பார்கள். ஆனால் கொஞ்சம் அப்படித்தான்.

சாத்திய கதவைப் பார்க்க இன்னும் தெற்கே போக வேண்டும். சிறுபாணாற்றுப்படை, நல்லூர் நத்தத்தனார் பாடியது, 269 அடி. நல்லியக்கோடனின் ஓய்மானாடு, அதாவது திண்டிவனம், மரக்காணம் பகுதி. இதிலும் விருந்துகள் உண்டு. எயிற்பட்டினத்தில் சுட்ட குழல் மீனும் கள்ளும், வேலூரில் புளிச் சோறும் காட்டுப் பசு இறைச்சியும் (கோட்டை இருக்கிற வேலூர் இல்லை, இது வேறு), ஆமூரில் வெண்சோறும் நண்டும். ஆனால் நடுவில் பாணன் தன் வீட்டை, பரிசு கிடைப்பதற்கு முன்னால் இருந்த வீட்டைச் சொல்கிறான். சரிந்த கூரை. அடுக்களையில் காளான் பூத்திருக்கிறது. குட்டி போட்ட நாய் ஒன்று. கண் திறக்காத குட்டிகள் பாலில்லாத முலையை இழுக்க, வலி தாங்காமல் குரைக்கிறது. வீட்டுக்காரி குப்பையில் முளைத்த வேளைக் கீரையை நகத்தால் கிள்ளி வந்து உப்பில்லாமல் வேகவைக்கிறாள். பிறகு, அக்கம்பக்கத்தார் பார்த்துவிடக் கூடாதே என்று கதவைச் சாத்திவிட்டு, சுற்றத்தாரோடு சேர்ந்து அதைச் சாப்பிடுகிறாள்.

அந்த உப்பில்லாததைப் பற்றி ஒரு நிமிஷம். ஓய்மானாடு உப்பு விளையும் நாடு. மரக்காணத்தில் இன்றைக்கும் பாத்தி கட்டி உப்பு வாருகிறார்கள். இதே பாட்டில், இதற்கு முன்னால், உமணரின் உப்பு வண்டிகள் வரிசையாகப் போகின்றன. வண்டி வண்டியாக உப்புப் போகிற பாட்டுக்குள் ஒரு அடுப்பில் ஒரு சிட்டிகை இல்லை. நத்தத்தனார் இரண்டையும் சேர்த்துப் பேசவே இல்லை. அது அது அதன் இடத்தில் இருக்கிறது. 269 அடியில் எனக்கு மறக்காமல் நிற்பது நண்டுமில்லை, குழல் மீனுமில்லை, இந்தக் கீரைதான். இதையும் சாதாரண நாள் உணவு என்ற கணக்கில் சேர்க்க வேண்டாமா? எந்தப் பாரம்பரிய மெனுவிலும் இல்லை.

பாட்டு வேண்டாம், சரித்திரம் சொல்லு என்பவர்களுக்கு: செங்கல்பட்டு ஏரிகளின் ஜில்லா. மதுராந்தகம் ஏரியிலிருந்து பேர் தெரியாத தாங்கல் வரை எல்லாம் நெல்லுக்குத்தான். 1767-லிருந்து 1774 வரை தாமஸ் பர்னார்ட் என்ற கம்பெனி ஆசாமி இந்தப் பகுதியில் ஏறக்குறைய 2,000 கிராமங்களைச் சர்வே எடுத்தார். அந்தக் கணக்குகளை வைத்து, அந்தக் காலத்தில் அமோகமாக விளைந்தது என்று ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். விளைந்திருக்கலாம். ஆனால் மொத்த விளைச்சலைத் தலைக்கு இவ்வளவு என்று வகுத்தால் காகிதத்தில் எல்லாரும் கொழுகொழுவென்று இருப்பார்கள். சராசரிக்கு வயிறு கிடையாது. நெல்லை நட்டவர், அறுத்தவர், அடித்தவர் வீட்டுக்குப் போனது கூலி. மிச்சம் மிராசுதாருக்கும் சர்க்காருக்கும். 1891-இல் செங்கல்பட்டுக் கலெக்டராக இருந்த ட்ரெமன்ஹீர், இந்த ஜில்லாவின் பறையர்கள் நிலைமை பற்றி ஒரு நீண்ட அறிக்கை எழுதினார். நிலம் இல்லை, குடியிருக்கும் மனைகூடச் சொந்தமில்லை, கடனுக்குக் கட்டுப்பட்ட படியாள் வேலை என்று விவரமாக. 1892-இல் பஞ்சமி நிலம் ஒதுக்க உத்தரவு வந்தது அதன் தொடர்ச்சியாகத்தான். நம் பாரம்பரிய உணவு எழுத்தாளர்கள் யாராவது அந்த அறிக்கையைப் படித்துவிட்டுக் கேழ்வரகைப் பற்றி எழுதினால் நன்றாக இருக்கும். ஏரிப் பாசனத்தில் நெல் விளைவித்தவர் ஏன் வீட்டில் கேழ்வரகுக் கூழ் குடித்தார் என்பதற்கு, 'அவருக்கு ஆரோக்கியம் தெரிந்திருந்தது' என்று பதில் சொல்ல முடியாது.

இது நம் ஊர் வியாதி மட்டும் இல்லை. அயர்லாந்தில் போய்ப் பாரம்பரிய கிராமத்து உணவு என்று கேட்டால் உருளைக்கிழங்கைப் பத்து தினுசாக வைப்பார்கள். 1845-க்கு முன்னால் அங்கே ஒரு விவசாயக் கூலி நாளொன்றுக்கு ஐந்து கிலோ உருளைக்கிழங்குகூடச் சாப்பிட்டார், மோரோடு. வேறு ஏதும் இல்லாததால். ஓட்ஸும் கோதுமையும் வெண்ணெயும் அதே நிலத்தில் விளைந்தவைதான், ஆனால் அவை குத்தகைக்கும் கப்பலுக்கும் போயின. வீட்டில் ஒரு பன்றி வளர்ப்பார்கள். அதற்குப் பட்டப்பெயர், வாடகை கட்டும் கனவான். தின்ன இல்லை, விற்று வாடகை கட்ட. 1845-இல் உருளைக்கிழங்குக்குக் கருகல் நோய் வந்தது. அதற்குப் பிறகு சுமார் பத்து லட்சம் பேர் செத்தார்கள், அதைவிட அதிகம் பேர் கப்பலேறினார்கள். அந்த வருஷங்களிலும் தானியம் ஏற்றுமதியாகிக் கொண்டிருந்தது. சாப்பாடு நன்றாகத்தான் இருக்கிறது, வெண்ணெய் தாராளமாகப் போடுகிறார்கள். அந்தக் காலத்துக் கூலி வீட்டில் அந்த வெண்ணெயும் இருந்திருக்காது.

நமக்கு 1876-78, தாது வருஷப் பஞ்சம். நிவாரண வேலைக்கு வந்த ஆணுக்கு ஒரு நாள் கூலி ஒரு பவுண்டு தானியம், அதாவது 450 கிராம் சொச்சம், கூடக் கொஞ்சம் சில்லறை. ரிச்சர்ட் டெம்பிள் என்ற பெரிய அதிகாரி வைத்த கணக்கு. மண் வெட்டுகிறவனுக்கு இது போதாது என்று சென்னை மாகாண சுகாதாரக் கமிஷனர் கார்னிஷ் சண்டை போட்டு, 1877-இல் சில மாதங்கள் கழித்துத்தான் கூட்டினார்கள். அந்தப் பஞ்ச வேலைகளில் ஒன்று, சென்னையில் கூவத்தையும் அடையாற்றையும் இணைத்த 8 கிலோமீட்டர் கால்வாய். பக்கிங்ஹாம் கால்வாயில் ஒரு துண்டு. அதே கால்வாய்தான் முட்டுக்காடு, மாமல்லபுரம் என்று ஈ.சி.ஆரை ஒட்டித் தெற்கே போகிறது. சில 'கிராமத்து விருந்து' ரெஸ்டாரண்டுகளில் ஜன்னலோரம் உட்கார்ந்தால் தண்ணீர் தெரியும்.

இப்போது நம் எழுத்தாளர்களின் பிடித்தமான குற்றச்சாட்டுக்கு வருவோம். ஜனங்கள் வெள்ளை அரிசிக்கு மயங்கி, கம்பையும் கேழ்வரகையும் கைவிட்டு, சர்க்கரை வியாதியை வாங்கிக்கொண்டார்கள். சர்க்கரை வியாதி உண்மை. மயக்கம் என்பதுதான் பொய். தீபாவளிக்கும் பொங்கலுக்கும்தான் நெல்லுச் சோறும் இட்லியும் என்றிருந்த வீடுகள் இந்த ஜில்லாவிலேயே எத்தனை! 1967 தேர்தலில் தி.மு.க. ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்று சொன்னபோது, மூன்று படி கேழ்வரகு என்று சொல்லியிருந்தால் யார் திரும்பிப் பார்த்திருப்பார்கள்? அரிசி அவர்களுக்கு ருசி மட்டும் இல்லை, மரியாதை. 2011-இலிருந்து ரேஷனில் அரிசி இலவசமாகவே வருகிறது. தன் வயலில் விளைந்ததைத் தானும் சாப்பிட ஒரு ஜனத்துக்கு இத்தனை காலம் ஆயிற்று. சாப்பிட ஆரம்பித்த உடனே நாம் போய், ஐயோ, இது விஷம், உங்கள் பாட்டன் சாப்பிட்டதுதான் அமிர்தம் என்கிறோம். 2023-ஐ ஐ.நா. சபை சர்வதேச சிறுதானிய ஆண்டு என்று கொண்டாடியதும் சத்தம் இன்னும் கூடிவிட்டது.

இன்னொன்று, இடிக்கிற வேலை. ஆமூர் விருந்தில் அந்த வெண்சோற்றுக்கு அரிசி குத்திய உலக்கையின் இரும்புப் பூண் தேய்ந்துபோயிருக்கிறது என்கிறார் நத்தத்தனார். இரும்பு தேய்கிற அளவு குத்தியது யார் கை என்று கேளுங்கள். கம்பு, வரகு, தினை எல்லாம் உமி போக்காமல் வாயில் வைக்க முடியாது. வரகு உமி லேசில் விடாது. ரைஸ் மில் வந்தபோது பெண்கள் யாரும் பாரம்பரியம் போயிற்று என்று அழுததாகத் தகவல் இல்லை. சமையல் புத்தகங்களில் 'வரகரிசி ஒரு கப்' என்று ஆரம்பிக்கிறது. அந்த ஒரு கப்புக்கு முன்னால் இருந்த ஒரு மணி நேரத்தைக் காணோம். (வரகில் பூஞ்சை பிடித்தால் தலைசுற்றும் என்பதும் கிராமத்தில் தெரிந்த சங்கதிதான். கிறுக்கு வரகு என்பார்கள். 2024 அக்டோபரில் மத்தியப் பிரதேசத்தின் பாந்தவ்கர் காட்டில் பத்து யானைகள் அப்படிப்பட்ட வரகைத் தின்று இறந்தன. முன்னோர் ஞானம் என்று பாக்கெட் போடுகிறவர்கள் இதையும் சேர்த்துப் போடலாம்.)

கூழுக்கு நான் விரோதி என்று கடிதம் எழுதாதீர்கள். 100 கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது. தீட்டிய அரிசியில் பத்துக்கும் கீழே. ருசியும் ஒன்றும் குறைச்சல் இல்லை. மாவைக் கரைத்து ராத்திரி முழுக்கப் புளிக்க விட்டு, மறுநாள் நொய்யரிசியைக் குழைய வேகவைத்து, அதில் புளித்த மாவை ஊற்றிக் கைவிடாமல் துழாவி இறக்கி, ஆறியதும் தண்ணீரும் உப்பும் மோரும் விட்டுக் கரைத்தால், செங்கல்பட்டு வெயிலுக்கு அதைவிட நல்ல பானம் எதுவும் கிடையாது. தொட்டுக்கொள்ள நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு, முருங்கைக்கீரை. ஆடி மாதம் இந்த ஜில்லாவில் எந்த மாரியம்மன் கோயிலுக்கும் போங்கள், அண்டாவில் வைத்து ஊற்றுகிறார்கள். சாதாரண நாளில் பஸ் ஸ்டாண்ட் பக்கம் தள்ளுவண்டியில் கம்பங்கூழ். ஆட்டோக்காரரும் சித்தாளும் நின்றபடியே ஒரு சொம்பு குடித்துவிட்டு வேலைக்குப் போகிறார்கள். அவர்கள் யாரும் அதைப் பாரம்பரிய உணவு என்று சொல்வதில்லை. கூழ் என்கிறார்கள். அந்த வண்டிக்காரரைப் பேட்டி கண்டு ஒரு புத்தகம் வந்தால் முதல் பிரதி எனக்கு.

எயினர் கதையும் முடிந்துவிடவில்லை. கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடநெம்மேலி முதலைப் பண்ணைக்குப் போனவர்கள் அங்கே பாம்பு விஷம் எடுப்பதைப் பார்த்திருப்பீர்கள். 1978-இல் ஆரம்பித்த இருளர் கூட்டுறவுச் சங்கம். பாம்பு பிடிக்கிற அதே இருளர்கள் அறுவடை முடிந்த வயலில் எலி வளையை வெட்டி, எலி சேர்த்து வைத்த நெல்லை எடுத்துச் சோறாக்குவார்கள். எலியும் கறியாகும். கடப்பாரையால் மண்ணைக் கிண்டித் தானியம் எடுப்பதைப் படித்தவுடன் எனக்கு உருத்திரங்கண்ணனாரின் எயிற்றியர்தான் ஞாபகம் வந்தார்கள். இரும்புப் பூண் போட்ட அதே கோல், அதே புழுதி. இருளர் வீட்டு எலிக்கறி எந்தப் பாட்டி கைமணப் புத்தகத்திலும் இல்லை. இவர்களும் முன்னோர்கள்தான். ஆனால் 'நம்' என்பதில் சேர்த்தி இல்லை போலிருக்கிறது.

பெரும்பாணனின் பட்டியலில் இன்னொரு சாப்பாடும் விடுபட்டுப் போயிருக்கிறது. காஞ்சிக்குப் போகும் வழியில் நீர்ப்பெயற்று என்ற துறைமுகப்பட்டினம் வருகிறது. கலங்கரை விளக்கம் உண்டு, மாடி வீடுகள் உண்டு. இதுதான் பின்னால் மாமல்லபுரம் ஆயிற்று என்று சில அறிஞர்கள் சொல்கிறார்கள், இல்லை என்பவர்களும் உண்டு. அந்தப் பட்டினத்தில் பாணனுக்கு விருந்து: ஆண் பன்றி ஒன்றைக் குழியில் கட்டி, பெட்டையோடு திரிய விடாமல், பல நாள் நெல் மாவு ஊட்டிக் கொழுக்க வைத்து, அந்தக் கொழுத்த இறைச்சியும் காரமான கள்ளும். வாடகை கட்ட விற்கவில்லை, தின்றார்கள். உருத்திரங்கண்ணனார் நாலைந்து அடி செலவழித்து ரசித்து எழுதியிருக்கிறார். இன்றைக்கு மாமல்லபுரத்து பாரம்பரிய மெனுவில் பன்றிக்கு இடம் இல்லை. பார்க்க வேண்டுமானால் வராக மண்டபத்துக்குப் போகலாம், டிக்கெட் உண்டு.